கேட்காமல் சாய்த்த நாலு மேப்பிள்

ஸ்டார்க் ஹாலோ, வெர்மாண்ட்
29 ஏப்ரல் 1986

வெட்டியாச்சு அக்கா. "ஆரம்பிச்சியா, இல்ல இன்னும் போர்வைக்குள்ளயே கெடக்கியா"ன்னு கேட்டிருந்தல்ல, அதுக்கு இதான் பதில். ஆரம்பிச்சு, முடிச்சே ஆச்சு.

மொதல்ல நலம் விசாரிக்கணும்ல. நல்லா இருக்கியா? கப்பல் ஆடுற ஆட்டத்துல சூப்பு சட்டிக்குள்ள நிக்குதா? நான் நல்லா இருக்கேன். அப்பாவும் நல்லா இருக்காருன்னு எழுதச் சொன்னாரு, எழுதிட்டேன். நெஜம் வேற. ஆஸ்பத்திரில இருந்து வந்த நாள்ல இருந்து ஜன்னல் பக்கத்துல உக்காந்து துப்பாக்கியத் தொடைக்கிறாரு. சுடாத துப்பாக்கில என்னதான் அழுக்கு சேரும்? முட்டிக்குக் கீழ கால் இல்லங்கிறத ஒடம்பு இன்னும் நம்பல. நேத்து சும்மா எந்திரிச்சு நடக்கப் பாத்து விழுந்துட்டாரு. தூக்கப் போனா, "தள்ளிப் போடா, தரை கோணலா இருக்கான்னு பாத்துக்கிட்டிருக்கேன்"ங்குறாரு.

நீ சொன்னதுதான் சரி. நவம்பர்ல அவர, மான் பழம் திங்க வர்ற அந்த ஆப்பிள் மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு கொம்பு மான் அடிக்க வச்சுடணும். இல்லன்னா அந்த ஜன்னல விட்டு அவரு எந்திரிக்கவே மாட்டாரு.

மரம் பாவமா இருந்துச்சு. சுத்தி காடு ஏறி மூச்சு முட்டி நின்னுச்சு. வடக்குப் பக்க ஸ்புரூஸ் மரங்கள நீ எழுதின மாதிரி காத்துக்கு மறைப்பா விட்டுட்டேன். தெக்குப் பக்கம் பாப்லர் மரமெல்லாம் காலி. அப்பவும் வெயில் வரல. பெரிய மேப்பிள் நாலு குறுக்க நின்னுச்சு. இந்த வருஷமே காய்க்கணும்ல? அதையும் சாய்ச்சேன். இப்ப வந்து பாரு, மத்தியானம் மரத்து மேல அப்படியே வெயில் கொட்டுது.

மான் வர்றதுக்கு சதுப்புப் பக்கமா ஒரு சந்து. அப்பா வர்றதுக்கு, மரம் இழுக்குற பாதையில இருந்து ஒரு வழி. கல்லு பொறுக்கி, வேர் வெட்டி, மரத்தூள் கொட்டிட்டேன். ஊன்றுகோல் சறுக்காது. மேப்பிள் துண்டு ஒண்ணுல அவருக்கு உக்கார இடமும் செஞ்சாச்சு. ஸ்கூல்ல இதுக்கெல்லாம் மார்க் குடுத்திருந்தா நான் ஏன் விட்டுட்டு வரப்போறேன்?

நான் படிப்ப நிறுத்தி இவ்ளோ மாசம் ஆச்சு, ஹாய்ட் அம்மா இன்னும் காலைல ஸ்கூல் பஸ்ஸ ஓட்டிட்டு வந்து நம்ம வாசல்ல மெதுவாக்குறாங்க. கதவத் தொறந்து ஒரு ஹாரன். நான் திரைக்குப் பின்னாடி நிக்கிறேன். அப்பா சிரிக்கிறாரு. "மந்தைல ஒரு மாடு கொறஞ்சா எட்னாவுக்குத் தூக்கம் வராது"ங்குறாரு.

இன்னொண்ணும் கேட்டிருந்த. அதுக்கு அப்புறமா எழுதுறேன், தபால்காரர் வந்துருவாரு.

உன் தம்பி,
ரெமி

---

'கோரா வின்ஸ்லோ' கப்பல், சுப்பீரியர் ஏரி
17 மே 1986

தம்பி ரெமிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். டெட்ராய்ட்டில் தபால் படகு வந்து உன் கடிதத்தை வாளியில் போட்டு மேலே அனுப்பியது. அப்பாவின் புண் ஆறிவருகிறதா? மாத்திரையை விழுங்குகிறாரா, பூந்தொட்டியில் போடுகிறாரா என்று பக்கத்தில் நின்று பார்.

வேலையை முடித்ததற்கு சந்தோஷம். ஆனால் ரெமி, நான் எழுதியது பாப்லர் மரங்களைப் பற்றி. மேப்பிள் என்ற பேச்சே என் கடிதத்தில் இல்லை.

கல் சுவரைத் தாண்டினால் எட்னா ஹாய்ட்டின் நிலம். ஆப்பிள் மரமும் அவர்களுடையதுதான். அப்பா முப்பது வருடமாக வேட்டைக்கு அங்கே உட்கார்ந்ததால் அது நம்முடையது ஆகிவிடாது. ஒவ்வொரு அக்டோபரிலும் அவர் அந்த வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்று கேட்பார். "இதையெல்லாம் கேக்கணுமா அல்சீட்?" என்பார்கள். அடுத்த அக்டோபரிலும் கேட்பார். மான் விழுந்தால் பின்தொடை ஒன்று முதலில் அவர்கள் வீட்டுக்குப் போகும், அப்புறம்தான் நமக்கு ஈரல் வதங்கும். நான் கூடப் போயிருக்கிறேன்.

அந்த மேப்பிள்களில் மார்ச் மாதம் இனிப்புச் சாறு வடிக்க அவர்கள் வாளி தொங்கவிடுவார்கள். பாகு காய்ச்சுகிற மரம், ரெமி. நம் ஊரில் அதை வெட்டுவது ஒருத்தர் தொழுவத்துக் கறவை மாட்டை அடித்துப்போடுவது மாதிரி. வாளியை எடுத்துவிட்ட பிறகு நீ போயிருப்பாய், தெரிந்திருக்காது. அல்லது மரம் பட்டுப்போனது என்று அவர்களே உனக்குக் காட்டிக் கொடுத்திருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

வெட்டுவதற்கு முன்னால் போய்க் கேள் என்று எழுதியிருந்தேனே. கேட்டாயா? என்ன சொன்னார்கள்? அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுது.

அப்பாவுக்கு என் முத்தம். உனக்கு ஒரு குட்டு.

அக்கா,
நாடின்

---

ஸ்டார்க் ஹாலோ
8 ஜூன்

அக்கா,

நாங்க நல்லா இருக்கோம். கொசு மட்டும் எங்களவிட நல்லா இருக்கு.

மரம் பூத்துருச்சு! நீ பாத்திருக்கணும். மலை மேல யாரோ வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி. பட்ட கிளையெல்லாம் அறுத்துட்டேன். உயிருள்ளதுல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதன்னு நீ சொன்னது ஞாபகம் இருந்துச்சு. நேரா மேல கெளம்புற நீர்ப்போத்தெல்லாம் கிள்ளிட்டேன். கீழ தொங்குற கிளைய மட்டும் தொடல, மான் எட்டித் திங்கட்டும். மரத்தச் சுத்தி உரமும் போட்டாச்சு. வேர்க்கிட்ட இல்ல, கிளை நிழல் விழுற ஓரத்துல. பாத்தியா, சொன்னா கேக்குற பையன்தான் நான்.

அப்பாவுக்குக் கட்டைக்கால் வந்துச்சு. அவரு அதுக்கு "திருவாளர் கட்டை"ன்னு பேரு வச்சு, நாற்காலில உக்கார வச்சு, காபி வேணுமான்னு கேக்குறாரு. மாட்டிக்க மாட்டேங்குறாரு. ஊன்றுகோல் மட்டும். ஆனா நடக்குறாரு அக்கா. கொட்டகை வரைக்கும், நேத்து தபால் பெட்டி வரைக்கும். "நவம்பருக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்?"னு கேட்டாரு. சொன்னேன். தெனமும் அளந்து அளந்து கூட்டிக்கிட்டே போறாரு. மூஞ்சில சதை போட்டிருக்கு.

வேற என்ன. ஸ்கூல் முடியப் போகுது. பஸ் இப்பல்லாம் நம்ம வாசல்ல மெதுவாகுறதில்ல. நேரா போயிடுது. எனக்கும் நிம்மதி, திரைக்குப் பின்னாடி நிக்க வேண்டியதில்ல. அப்பாதான் ரெண்டு நாளா, "எட்னாவுக்கு ஒடம்பு சரியில்லையா, என்ன"ன்னு கேட்டுக்கிட்டிருக்காரு.

ரம்பத்துக்குச் சங்கிலி மாத்தணும், டவுனுக்குப் போறேன்.

ரெமி

---

'கோரா வின்ஸ்லோ', டூலூத் துறைமுகம்
2 ஜூலை

ரெமி,

நான் நலம். இருபத்தாறு ஆண்களுக்கு மூன்று வேளை சமைக்கிறவள் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு.

நான் கேட்டதற்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் பார்த்தேன். உரம் இருக்கிறது, கொசு இருக்கிறது, அது இல்லை.

எட்னா என்ன சொன்னார்கள்?

நாடின்

---

ஸ்டார்க் ஹாலோ
20 ஆகஸ்ட்

அக்கா,

பதில் போட நாளாயிடுச்சு. வைக்கோல் வேலை, அப்புறம் மழை, அப்புறம் மறுபடி வைக்கோல். நீ நல்லா இருப்பன்னு நம்புறேன். நாங்க நல்லா இருக்கோம்.

ஹாய்ட் அம்மாவப் பாத்தேன். மரத்துக்கிட்டயே வச்சுப் பாத்தேன். அவங்க ஒண்ணும் சொல்லல. ஒரு வார்த்தை சொல்லல. போதுமா? இனி அதப் பத்தி எழுதாத.

காய் புடிச்சிருக்கு. கிளையெல்லாம் வளையுது. ரெண்டு கிளைக்கு முட்டுக்கொடுத்திருக்கேன். ஒரு பெட்டை மான் குட்டியோட வந்து, பழுக்குறதுக்கு முன்னாடியே கடிச்சுப் பாத்து, மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுப் போச்சு. நான் சிரிச்ச சிரிப்புல அது ஓடிடுச்சு. தடமும் பாத்தேன், கிடாவோடது, என் உள்ளங்கை அளவு. அப்பாகிட்ட சொன்னேன். "கையக் காட்டு"ன்னாரு. காட்டினேன். என் கையப் புடிச்சுக்கிட்டே ரொம்ப நேரம் இருந்தாரு. அவரு அப்படியெல்லாம் செய்யிற ஆளு இல்லன்னு உனக்குத் தெரியும்.

"ரெமிதான் எல்லாம் பண்ணான்"னு கடைக்கு வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும் சொல்றாரு. சொல்லாதீங்கன்னா கேக்க மாட்டேங்குறாரு.

சரி.

ரெமி

---

'கோரா வின்ஸ்லோ', ஹ்யூரான் ஏரி
11 செப்டம்பர்

என் தம்பிக்கு,

நான்கு மாதமாக நெஞ்சில் கிடந்த கல்லை இறக்கி வைத்துவிட்டாய். சண்டைக்காரிபோல எழுதினேன், மன்னித்துக்கொள். எட்னா கோபப்பட்டிருந்தால் ஊருக்கே கேட்டிருக்கும். பேசாமல் விட்டார்கள் என்றால் மனதார விட்டுவிட்டார்கள் என்றுதான் அர்த்தம்.

உண்மையைச் சொல்லவா? மரம் பெரிதில்லை எனக்கு. நீ எட்னாவின் முன்னால் போய் நின்றாயே, அதுதான் பெரிது. உன்னைப் பார்த்ததும் "எப்போ திரும்பப் படிக்கப் போற?" என்றுதான் அவர்கள் ஆரம்பித்திருப்பார்கள். அதற்குப் பயந்தே நீ போகமாட்டாய் என்று நினைத்தேன். தப்பாக நினைத்துவிட்டேன்.

நவம்பரில் என்னால் வர முடியாது. கிறிஸ்துமஸ் தாண்டும்வரை கப்பல் ஓடும். வேட்டை தொடங்குகிற அந்தச் சனிக்கிழமை அப்பாவுக்குப் பக்கத்தில் நான் இல்லாமல் இருப்பது இதுவே முதல் தடவை. என் இடத்தில் நீ. அவருக்கு ஒற்றைக் கால் கம்பளி உறை பின்னி அனுப்பியிருக்கிறேன். எஞ்சின் அறை ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு எங்கம்மா, மறந்துட்டியா?" என்று கேட்கிறார்கள். சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன்.

பின்தொடையைக் கொண்டுபோகும்போது எட்னாவுக்கு என் அன்பைச் சொல்.

நாடின்

---

ஸ்டார்க் ஹாலோ
20 அக்டோபர்

அக்கா,

உறை சரியா இருக்கு. அப்பா போட்டுக்கிட்டாரு. நாங்க சுகம், நீயும் சுகமா இருக்கணும்.

பழம் உதிர ஆரம்பிச்சிருக்கு. காடு முழுக்க சாராய வாசம். தெனமும் காலைல தரை மிதிபட்டுக் கெடக்கு.

உன்கிட்ட ஒரு விஷயம் கேக்கணும். சும்மாதான். ஒருத்தர் தன் நிலத்துல வேட்டையாடக் கூடாதுன்னு மஞ்ச அட்டை அடிச்சா, கையெழுத்து, தேதி எல்லாம் ஒழுங்கா இருந்தாத்தான செல்லும்? மழைல தேதி அழிஞ்சு போச்சுன்னா? அப்புறம், பல வருஷமா அங்க போறவங்களுக்கும் சேத்தா அது, இல்ல வெளியூர்க்காரங்களுக்கு மட்டுமா?

கடைல ஒருத்தன் கேட்டான், அதான்.

அப்பா தூரத்த எட்டிட்டாரு. முழு தூரமும் நடக்குறாரு.

ரெமி

---

டூலூத்
3 நவம்பர்

ரெமி,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

கடையில் எவனும் கேட்கவில்லை. எட்னா அட்டை அடித்திருக்கிறார்கள், இல்லையா? அந்த மலையில் அந்தக் குடும்பம் இதுவரை ஒரு அட்டை அடித்ததில்லை. அவர்கள் மாமனார் காலத்திலிருந்து இல்லை.

பதினைந்தாம் தேதி வேட்டை தொடங்குவதற்கு முன்னால் அப்பாவிடம் சொல்லிவிடு. எல்லாவற்றையும். அவர் அட்டையைத் தாண்ட மாட்டார். தேதி அழிந்திருந்தாலும் மாட்டார், எழுத்தே இல்லாத வெறும் மஞ்சள் காகிதமாக இருந்தாலும் மாட்டார். அடிபட்ட மானைத் துரத்திக்கொண்டு போனபோதுகூட ஒருத்தர் வேலி வந்ததும் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு, அந்த வீடு வரை நடந்து போய்க் கேட்டுவிட்டு வந்து தாண்டினார். நீ சின்னப் பையன், குளிரில் அழுதாய்.

தெரியாமல் அவரை அங்கே உட்கார வைத்துவிடாதே. கால் போனதைத் தாங்கிக்கொண்டார். இதைத் தாங்க மாட்டார்.

நாடின்

---

ஸ்டார்க் ஹாலோ
18 நவம்பர்

அக்கா,

உன் கடிதம் நேத்துதான் வந்துச்சு. சனிக்கிழமை முடிஞ்சே போச்சு. அது முன்னாடியே வந்திருந்தாலும் நான் சொல்லியிருப்பேனான்னு தெரியல. அதையும் எழுதிடுறேன்.

நான் கேக்கவே இல்ல. ஏப்ரல்ல அவங்க வீட்டு முன்னாடி வரைக்கும் போனேன். ஜன்னல்ல அவங்க தலை தெரிஞ்சுச்சு. "எப்போ திரும்பி வர்ற"ன்னு கேப்பாங்கன்னு தெரியும். திரும்பி வந்து ரம்பத்த எடுத்துட்டேன். வெட்டினப்புறம், மே மாசம், நான் மரத்து மேல இருந்தப்ப பெரணிக் குருத்து பறிக்க அந்தப் பக்கம் வந்தாங்க. கூடைய எறக்கி வச்சாங்க. அடிமரம் ஒவ்வொண்ணையும் பாத்தாங்க. ஒண்ணு மேல கைய வச்சாங்க. அப்புறம் என்னப் பாத்தாங்க. நான் கிளைய அறுத்துக்கிட்டே இருந்தேன் அக்கா. அறுக்க வேண்டாத கிளை. கூடைய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. "ஒண்ணும் சொல்லல"ன்னு நான் எழுதினது அதத்தான்.

அப்பா அப்பவே கேட்டாரு, "எட்னாகிட்ட கேட்டுட்டியாடா?" நான் "ம்"ன்னேன். அக்டோபர்ல, "என்னால படி ஏற முடியாது, எனக்குப் பதிலா நீ போயி தொப்பியக் கழட்டிட்டுக் கேட்டுட்டு வா, போன்ல கேட்டா அது கேட்ட மாதிரி இல்ல"ன்னாரு. நான் வண்டிய எடுத்துட்டு ஆத்தங்கரைல கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்து, "இதையெல்லாம் கேக்கணுமான்னாங்க"ன்னு சொன்னேன். அந்த வரி நீ எழுதினதுதான். அப்பா சிரிச்சாரு. "மாறவே மாட்டா"ன்னாரு.

அட்டைங்கள வெள்ளிக்கிழமை பிச்சேன். அவசரத்துல காகிதத்த மட்டும் இழுத்துட்டு ஓடி வந்துட்டேன்.

சனிக்கிழமை விடியுறப்ப போனோம். பனி லேசா விழுந்திருந்துச்சு. அந்த வழி முழுக்க அப்பா ஒரு தடவகூட சறுக்கல. சுவரத் தாண்டி மரத்தப் பாத்ததும் நின்னுட்டாரு. செவப்பு செவப்பா அவ்வளவு பழம். என் பிடரில கைய வச்சு, "நீயாடா செஞ்ச இத?"ன்னாரு. பள்ளிக்கூடத்த விட்டதுல இருந்து அவரு என்ன அப்படிப் பாத்ததே இல்ல. நான் சந்தோஷமா இருந்தேன், அதான் அசிங்கம். அந்த நேரத்துல நெஜமாவே சந்தோஷமா இருந்தேன்.

அப்புறம் அடிமரங்களப் பாத்தாரு. "நாலும் பட்டுப்போயிருந்துச்சா?"ன்னாரு. நான் உக்கார்ற துண்டு மேல இருந்த பனியத் தட்டிக்கிட்டிருந்தேன். "இந்த ஆப்பிள் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்க்கிறதுடா. இந்த வருஷம் காய்க்கிற வருஷம். மேப்பிள் நின்னிருந்தாலும் காய்ச்சிருக்கும்"னாரு. சாதாரணமாத்தான் சொன்னாரு. திட்டல.

உக்காந்தாரு. பிளாஸ்க்கோட வாரை மாட்ட பக்கத்துல இருந்த மரத்துல கைய வச்சு ஆணி இருக்கான்னு தடவினாரு. இருந்துச்சு. சின்ன ஆணி, தலைக்கடியில மஞ்ச காகிதம் ஒரு நகக்கண் அளவு. கிட்டப் போயி பாத்தாரு. என்னப் பாக்கல. பேனாக் கத்திய எடுத்து ஆணிய நெம்பி, சட்டைப் பைல போட்டுக்கிட்டாரு. எந்திரிச்சு, ஊன்றுகோல ஊனி அடுத்த மரத்துக்குப் போனாரு. அங்கயும் இருந்துச்சு. அடுத்ததுலயும். நான் "அப்பா"ன்னேன். "சத்தம் போடாத, மான் வரும்"னாரு.

வந்துச்சு. சதுப்புப் பக்கம் நான் வெட்டி விட்ட சந்து வழியாத்தான் வந்துச்சு. எட்டுக் கிளைக் கொம்பு. பனியக் காலால கிளறி ஆப்பிளக் கடிக்கிற சத்தம் கேக்குற தூரத்துல. அப்பா துப்பாக்கியத் தூக்கினாரு. கன்னத்துல வச்சாரு. வாழ்க்கைல இதவிட லேசா ஒரு மான் அவருக்கு வந்ததில்ல. கட்டை விரல் பூட்டத் தள்ளுறதப் பாத்தேன். அப்புறம் அதே விரல் பூட்டத் திரும்ப இழுத்துச்சு. துப்பாக்கிய மடியில வச்சுட்டு, அது தின்னு முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தாரு. அது போனதும், தோட்டா ஒவ்வொண்ணா வெளிய எடுத்தாரு.

"எட்னா வீட்டுக்கு வண்டிய விடு."

அவ்வளவுதான் பேசினாரு. அந்தப் படிய ஏறவே முடியாதுன்னவரு, உக்காந்து உக்காந்து பின்பக்கமா ஏறினாரு. தூக்க வந்த கையத் தட்டிவிட்டாரு. கதவு தொறந்ததும் தொப்பியக் கழட்டினாரு. பைல இருந்த ஆணியெல்லாம் எடுத்து ஹாய்ட் அம்மா உள்ளங்கைல வச்சாரு.

"இது உன்னோடது எட்னா. மரத்தையும் நான்தான் வெட்டச் சொன்னேன். கேட்டிருக்கணும். தப்பு என்னோடது."

அவங்க ஆணியப் பாத்தாங்க. "நீ சொன்னியா?"

"ஆமா."

"ஆஸ்பத்திரில இருந்து வந்த கையோட, என்கிட்ட கேக்காம, என் பாகு மரத்த வெட்டுன்னு நீ சொன்ன."

"ஆமா."

"அல்சீட், எனக்கு உன்ன சின்ன வயசுல இருந்து தெரியும்."

அப்பா தொப்பியத் திருப்பிக்கிட்டே நின்னாரு. அப்புறம் அவங்க என்னப் பாத்தாங்க. மே மாசம் பாத்த மாதிரியே. காத்துக்கிட்டிருந்தாங்க அக்கா. நல்லா நேரம் குடுத்தாங்க. அப்பா பக்கத்துல நின்னு மூச்சு வாங்குறாரு. நான் என் பூட்ஸப் பாத்தேன். லேஸ் அவுந்திருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டிருந்தேன்.

"குளிர்ல நிக்காத, வீட்டுக்குப் போ"ன்னு அப்பாகிட்ட சொன்னாங்க. கதவ மெதுவாத்தான் சாத்தினாங்க. அறைஞ்சிருக்கலாம்.

எங்கப்பா வாழ்க்கைல ஒரே ஒரு பொய் சொன்னாரு. அது செல்லவும் இல்ல. நான் பக்கத்துலதான் நின்னேன்.

ரெமி

---

'கோரா வின்ஸ்லோ', டெட்ராய்ட் ஆறு
30 நவம்பர்

ரெமி,

உன் கடிதத்தைப் படித்தபோது ரொட்டி அடுப்பில் இருந்தது. இருபத்தாறு பேரும் கருகியதைத் தின்றார்கள். தலைமை எஞ்சினியர், "யாரு செத்தா?" என்று கேட்டார். "யாரும் இல்லை, என் தம்பி" என்றேன்.

உன்னைத் திட்டுவதற்காக மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். கிழித்ததற்குக் காரணம் இருக்கிறது. "ஒண்ணும் சொல்லல" என்று நீ எழுதியபோதே எனக்குத் தெரியும். தெரியும் ரெமி. நீ எப்போது பொய் சொன்னாலும் வரி சின்னதாகிவிடும். ஆனால் அப்பா தபால் பெட்டி வரை நடக்கிறார் என்று எழுதியிருந்தாய். அவர் நடந்துகொண்டிருந்தால் போதும் என்று நானும் நம்புவதுபோல் இருந்துவிட்டேன். வீட்டுக்கு ஒரு போன் போட்டு அப்பாவிடம் நானே சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு துறைமுகத்திலும் போன் இருக்கிறது. அவற்றைத் தாண்டித்தான் நடந்து போனேன்.

நான் கிறிஸ்துமஸ் கழித்து வருவேன். எட்னா வீட்டுக்குப் போவேன், எனக்கும் அங்கே சொல்ல வேண்டியது இருக்கிறது. ஆனால் உனக்குப் பதிலாகப் பேச மாட்டேன். ஒரு ஆள் ஏற்கெனவே பேசிவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் எப்படி இருக்கிறார்? மறுபடி ஜன்னலா?

நாடின்

---

ஸ்டார்க் ஹாலோ, தபால் பெட்டிக்குப் பக்கத்துல
11 டிசம்பர்

இல்லக்கா, ஜன்னல் இல்ல. ஜன்னலா இருந்தாக்கூடப் பரவால்ல. அவரு கட்டைக்கால மாட்டிக்கிட்டாரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு அதோட போனாரு. ஹாய்ட் அம்மா முன் வரிசைல இருப்பாங்கன்னு கடைசி வரிசைல உக்காந்தாரு. எப்பவும் மூணாவதுல உக்காருற ஆளு. துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு, துணி சுத்தி, பரண்ல வச்சுட்டாரு. என்கிட்ட பழையபடிதான் பேசுறாரு, உப்பு குடு, விறகு எடுத்துட்டு வா. அந்தச் சனிக்கிழமையப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. ஒரு தடவ அடிச்சிருந்தாருன்னா எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

இத பெட்டி மேல வச்சு எழுதுறேன், கை வெறைக்குது, எழுத்து கோணலா இருந்தா அதான். நம்ம வாசல்தான் பஸ்ஸுக்கு மொத நிறுத்தம், ஞாபகம் இருக்கா? இங்க வர்றப்ப பஸ் காலியா இருக்கும். ஓட்டுற ஹாய்ட் அம்மா மட்டும்தான். வீட்டு வாசலுக்குப் போயிருப்பேன். ஆனா அந்தப் படில நின்னா மறுபடி பூட்ஸத்தான் பாப்பேன், என்னப் பத்தி எனக்குத் தெரியும். பஸ்ஸுல ஏறிட்டா எறங்கி ஓட எடமில்ல.

மார்ச்சுல வாளி தூக்க ஆள் வேணுமான்னும் கேக்கலாம்னு இருக்கேன். அது ரெண்டாவது. மொதல்ல அப்பா சொன்னது பொய்னு சொல்லணும். அப்பாவ வச்சுக்கிட்டே சொன்னா நல்லாருக்கும்னு நெனச்சேன், கூட வாங்கன்னு கேக்கத் தைரியம் வரல. ஆனா பாத்துட்டாரு. நான் கோட்டு மாட்டுறத அடுப்பங்கரைல இருந்து பாத்துட்டு, "என்னடா, பள்ளிக்கூடத்துக்கா?"ன்னாரு.

"இல்ல, பஸ்ஸுக்கு"ன்னேன்.

அவரு அடுப்புல ஒரு விறகத் தள்ளினாரு. அப்புறம், "தொப்பியக் கழட்டிட்டுப் பேசு"ன்னாரு.

இப்ப ஜன்னல்ல நிக்கிறாரு. நிக்கிறாரு, உக்காரல.

வளைவுல லைட் தெரியுது அக்கா. வேகமாத்தான் வருது, மே மாசத்துல இருந்து இந்த வாசல்ல மெதுவானதே இல்லையே. நடு ரோட்டுல நின்னா நிறுத்தித்தான ஆகணும். நான் போகணும்